ஸைனபின் கழுத்துத் தழும்பு

மார்ச் 6, 1988. ஞாயிறு.
காலையிலேயே புழுக்கம். தாராவி சந்தில் காற்றே இல்லை. என் தோல் பைப் பட்டறைக்கு வாங்க வேண்டியவை: பசை, ஜிப், ஊசி.

துபாயிலிருந்து மச்சினன் வந்தான். அவன் அக்காவுக்குக் கொண்டுவந்தது, உள்ளங்கை அளவில் சிலிகான் ஜெல் தகடு. தொட்டால் கொழகொழ. போன வருஷம் ஸ்டவ் வெடித்ததில் என் மனைவி ஸைனபுக்குக் கழுத்தில் தழும்பு. கயிறு மாதிரிப் புடைத்து, ஓயாத அரிப்பு. திரும்பினால் இழுக்கிறது.

“அங்க தீக்காயத் தழும்புக்கு இதத்தான் ஒட்டுதாவ, அக்கா.”

மார்ச் 7.
ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மாட்டுங்காவில் இருக்கும் தமிழர். தகட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

“வெட்டினா மறுபடி வளரலாம். இதையே ஒட்டுங்கோ. தினம் பன்னண்டு மணி நேரம். சோப்புல அலம்பித் திரும்ப ஒட்டலாம். மூணு மாசமாவது பொறுக்கணும். எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல மாட்டேன்.”

வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்தேன். நாலு மில்லி உயரம். ஸைனப் முறைத்தாள்.

“நான் என்ன ஆட்டுத்தோலா மச்சான்?”

மார்ச் 15.
வேர்வையில் தகடு வழுக்கி ரசச் சட்டியில் விழுந்தது! டேப் போட்டால் வேர்க்குரு. பட்டறையில் மெல்லிய பருத்தித் துணியில் பட்டி தைத்தேன், பின்னால் கொக்கி. கட்டிப் பார்த்தாள்.

“நல்லவேள, கம்பெனி பேர அச்சடிக்காம விட்டியளே.”

மே 1.
வெயில் கொளுத்துகிறது. அரிப்பு நின்று பத்து நாள். நன்றாகத் தூங்குகிறாள். ஸ்கேல்: இரண்டு மில்லிக்கும் கீழே. இரண்டு தடவை அளந்தேன். அல்ஹம்துலில்லாஹ். பட்டறையில் எல்லாருக்கும் சாயா.

ஜூன் 12.
மழை பிடித்துவிட்டது. ஆண்டாப் ஹில்லில் அவள் சின்னம்மா மகள் கல்யாணம். பஸ் ஸ்டாப்பில் நான் பின்னால் நின்றேன். “பஸ் வந்துட்டு, ஏறுங்க!” என்று திரும்பினாள். உடம்போடு அல்ல, கழுத்தை மட்டும் திருப்பி. நான் பார்த்துக்கொண்டே நிற்க, பஸ் போய்விட்டது. நல்ல ஏச்சு வாங்கினேன். சந்தோஷம்.

கறுப்பு நிறம் போகவில்லை. மேடு போய்விட்டது.

ஜூன் 13.
கல்யாண வீட்டில் பார்த்த மூன்று பெண்கள் வீடு தேடி வந்துவிட்டார்கள். ஒருத்திக்குக் கையில் தழும்பு, மற்றவர்களுக்குத் தோளில். ஸைனப் பெரிய டாக்டர் தோரணையில், “எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன், பாத்துக்கிடுங்க.” நாளைக்கு மூவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாளாம்.

மத்தியானம் மணி ஒன்றரை. பேச்சு ஓயவில்லை. சோற்றுக்கு நானே உலை வைத்தேன்.