முதல் பக்கத்தில் போட்ட திருத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆலோசகர் பதவி தருவதாக நீ அனுப்பிய கடிதம் கிடைத்தது. வேண்டாம்.

நாம் இருவரும் தொடங்கிய பதிப்பகத்தின் கணக்கு வழிகாட்டியில் ஒரு விடை தப்பாக அச்சாகியிருந்தது. நம் மாணவர் பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே அதற்குத் திருத்தம் போட்டேன். "யாருமே கவனிக்கலையே அக்கா, நீயா எதுக்கு ஊரைக் கூட்டுற?" என்று குதித்தாய்.

"தப்பைப் படிச்சிட்டுப் பரீட்சைக்குப் போற பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டேன். மறுவாரம் இயக்குநர்களைக் கூட்டி, பத்திரிகை ஆசிரியர் பொறுப்பிலிருந்து என்னை நீக்கினாய். இருபது வருடம் ஒரே மேசையில் மெய்ப்புப் பார்த்தவர்கள் நாம். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

தையல்கடை மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். கீழே இயந்திரம் ஓடினால் என் மேசையும் சேர்ந்து ஆடுகிறது. அந்த மேசையில்தான் புதிய மாணவர் பத்திரிகை தயாராகிறது. போட்டிக்குத்தான் என்று வைத்துக்கொள்.

உன் அறிவியல் வழிகாட்டியை நேற்றுப் புரட்டினேன். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நீயே அறிவித்துத் திருத்திவிடு. இல்லையென்றால் என் முதல் இதழின் முதல் பக்கத்தில் வரும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார். எழுத்து பொடியாக இருக்கிறது.

இன்னும் ஆசிரியராகவே இருக்கும்
உன் அக்கா