முப்பத்தாறு சென்டி ஹேண்டல்

ஈப்போ,
5 ஜூன் 2024

அன்புள்ள பிரதீக்கு,

இது நான் போடும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் வந்து சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. உன் அண்ணன் மதீசன் போன் போடாதே என்று சொல்லிவிட்டார். திரையைப் பார்த்தால் உனக்குத் தலை சுற்றுகிறதாம், மணி அடித்தால் வாந்தி வருகிறதாம். அதனால்தான் இந்தக் கையெழுத்துத் தொல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை விட்டபிறகு நான் கையால் இவ்வளவு எழுதியதே இல்லை. பிழை இருந்தால், டீச்சரம்மா, நீ சிவப்பு மையால் சுழித்து அனுப்பலாம்.

பிப்ரவரியில் நீ சைக்கிளிலிருந்து விழுந்து அண்ணன் வீட்டுக்குப் போனபிறகு நம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம் கலைந்துவிட்டது. நான் மட்டும் போன மாதத்திலிருந்து தனியாக மிதிக்கிறேன். வழியில் பழைய ஆட்களைப் பார்த்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் அன்றைக்கு உனக்கு முன்னால் போனவள் நான்தானே. அதனால் கேட்காமலே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்னால் போகிறவர் குழியைக் கண்டால் "லுபாங்!" என்று கத்தி, கையைக் கீழே நீட்டிக் காட்டவேண்டும் என்று எனக்குப் பழக்கியவளே நீ. நான் கத்தினேன். போலீசிலும் அதைத்தான் சொன்னேன், உன் அண்ணனிடமும் என் வீட்டுக்காரர் தர்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். உனக்குத்தான் கேட்கவில்லை போல.

இன்னொரு விஷயம். என் கை மரத்துப்போகிறது. கிளினிக்கில் மாத்திரை எண்ணும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்னுடையவை மாதிரியே இல்லை. மூன்று வருடமாக நீ தலையில் அடித்துக்கொண்டு சொன்னதைத்தான் இப்போது டாக்டரும் சொல்கிறார். என் சைக்கிள் ஹேண்டல் எனக்கு அகலமாம். நாற்பத்திரண்டு சென்டி. கடையில் கேட்டால் அங்கிள் சிரிக்கிறார். "சின்ன சைஸா? பிள்ளைங்க ஓட்டுறதுதான் இருக்கு லா." எனக்கு எந்த அளவு வாங்குவது? நீதான் சொல்லவேண்டும்.

மூன்று வரி எழுதினாலும் போதும்.

உன் தினேஸ்


சித்தியவான்,
19 ஜூன் 2024

அன்புள்ள தினேஸ்,

உன் மூன்று கடிதமும் வந்தன. ஒருநாளைக்கு ஐந்து வரிதான் எழுதமுடிகிறது, அதற்குமேல் காகிதம் படகு மாதிரி ஆடுகிறது. இந்தக் கடிதத்துக்கு ஒன்பது நாள் ஆனது. பள்ளிக்கூடம் டிசம்பர்வரை விடுப்பு கொடுத்திருக்கிறது. முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாய்ப்பாடு சொல்லும் சத்தத்தை இனி என் தலை தாங்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. சைக்கிளை மறந்துவிடச் சொல்லிவிட்டார்கள். நேராக நடக்கவே சுவர் வேண்டியிருக்கிறது.

ஹேண்டலுக்கு வருவோம். சைக்கிள் வாங்கும்போது நீ எனக்குச் சொன்ன தோள் அளவு பதினாறு அங்குலம். அதை எங்கே எடுத்தாய்? உன்னைப் பார்த்தால் நம்பமுடியவில்லை. மறுபடி அள. சுவரில் முதுகை ஒட்டி நின்று, தோள் மேலே இரண்டு பக்கமும் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தைத் தடவிப் பார். தர்மாவை விட்டு அந்த இரண்டு முட்டுக்கும் நேராகச் சுவரில் பென்சில் கோடு போடச்சொல். கோட்டுக்குக் கோடு எவ்வளவோ அதுதான் உன் ஹேண்டல் அகலம். அகலம் மட்டும் போதாது. நம்மைப் போலச் சின்னக் கைக்காரிகளுக்கு, பிரேக் பிடி கிட்டே இருக்கவேண்டும், ஹேண்டலின் கீழ்வளைவு ஆழமாக இருக்கக்கூடாது. இல்லாவிட்டால் குழியைப் பார்த்தாலும் விரல் பிரேக்குக்குப் போய்ச் சேராது.

என்னிடம் ஒரு முப்பத்தாறு இருக்கிறது. பயப்படாதே, விழுந்த சைக்கிளில் இருந்ததில்லை. விழுந்த ஹேண்டலை யாரும் மறுபடி பூட்டக்கூடாது. இது என் பழைய சைக்கிளில் நாலு வருடம் ஓடியது. பிடியில் சுற்றிய டேப்பைக்கூட அவிழ்க்காமல் அண்ணாவிடம் கொடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், நீ கத்தியது எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. வலப்பக்கம் செம்பனை மரக்காட்டுக்குள்ளிருந்து வந்தமாதிரி இருந்தது, அதனால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். இனி யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டு திரியாதே.

அண்ணா தினமும் ஒரு குறை சொல்கிறார். "விடியக்க நித்திரையில என்ன கத்து கத்துறாய், பக்கத்து வீட்டு நாயெல்லாம் எழும்புது." எனக்கு ஒன்றும் நினைவில்லை. மாத்திரை செய்கிற வேலையாக இருக்கும்.

அன்புடன்,
பிரதீபா


ஈப்போ,
8 ஜூலை 2024

என் பிரதீ,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கிளினிக் கவுண்டரில் நின்றே அழுதுவிட்டேன். மருந்து வாங்க வந்த பாட்டி தனக்குத்தான் ஏதோ பெரிய நோய் என்று பயந்துவிட்டார்.

பதினாறு அங்குலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். சிரிக்காதே. அது என் ரவிக்கை அளவு. டைலர் பிச்சைமுத்து நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் படித்து உன்னிடம் சொன்னேன். நேற்று போய்க் கேட்டால், "நாளைக்கு நீங்க குண்டாயிட்டா பிரிச்சு விடணுமில்ல, நான் எப்பவும் பக்கத்துக்கு ஒரு இஞ்சு சேர்த்துத்தான்மா போடுவேன்" என்கிறார். சுவரில் அளந்தோம். முப்பத்தைந்தரை சென்டி. மூன்று வருடம் ஒரு குண்டான பெண்ணின் ஹேண்டலைப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

பார்சல் வியாழக்கிழமை வந்தது. அங்கிள் பூட்டிக் கொடுத்தார். புதுச் சாமான் என்று தர்மா சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏறவைத்தார். பழம் நசுங்கவில்லை, சக்கரம் வழுக்கிக்கொண்டு தாண்டிவிட்டது. இரண்டாவது பழம்தான் நசுங்கியது. அவருக்கு முகம் கொஞ்சம் மாறிப்போனது, நான் கண்டுகொள்ளவில்லை.

நேற்று ஞாயிறு. முதல் ஓட்டம். தோள் இறங்கி உட்கார்ந்தது, மூச்சு நெஞ்சு முழுக்கப் போனது. டேப்பில் உன் கட்டைவிரல் அழுத்தி அழுத்திப் பள்ளமான இடத்தில் என் கட்டைவிரல் போய்ப் பொருந்திக்கொண்டது. கொஞ்சதூரம் போனபிறகு அந்த இடம் சூடாக இருந்தமாதிரி தோன்றியது. வெயில் இன்னும் ஏறவில்லை.

நீ விழுந்த அந்தப் பழைய தோட்டத்து ரோட்டில்தான் போனேன். முனியாண்டி கோயில் வளைவுக்கு வரும்போது ஏழு மணி பத்து நிமிடம். வலப்பக்கம் செம்பனைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல். "லுபாங்!" தன்னால் இடதுபக்கம் ஒடித்தேன். பார்த்தால் லோரி மிதித்துப் புதிதாக விழுந்த குழி, மழைத்தண்ணீர் நிரம்பி ரோட்டோடு ரோடாக மினுக்கிக்கொண்டிருந்தது. குரல் இல்லாவிட்டால் நேராக உள்ளே இறங்கியிருப்பேன்.

வேலைக்காரர்கள் யாராவது இருப்பார்கள் என்று சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். ஆளே இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் இருந்த பழைய லயத்து வீடுகள் இரண்டு கதவில்லாமல் நிற்கின்றன, அவ்வளவுதான்.

நீ அன்றைக்குக் கேட்டதும் இதே இடத்திலிருந்தா?

உன் தினேஸ்


சித்தியவான்,
20 ஜூலை 2024

அன்புள்ள தினேஸ்,

உன் கடிதத்தை அண்ணாவிடம் கொடுத்து இரண்டுமுறை வாசிக்கச் சொன்னேன்.

முதலில் ஹேண்டல். பிரேக் பிடி இரண்டையும் ஒரு நூல் அளவு உள்பக்கம் திருப்பிப் பூட்டச் சொல். மணிக்கட்டு மடங்காமல் இருக்கவேண்டும். அப்போதும் மரத்தால், ஹேண்டல் உயரத்தைப் பார்க்கவேண்டும்.

அந்த ரோட்டுக்கே ஏன் போகிறாய்? ஈப்போவில் வேறு ரோடு இல்லையா? குரல் யாருடையது என்று நீ எழுதவில்லை. உனக்குத் தெரிந்த குரலா? ஞாயிறு மட்டும்தானா? நன்றாகக் கவனித்து எழுது.

அன்று நடந்ததெல்லாம் நினைவு வரவர எழுதிவைக்கச் சொல்கிறார் டாக்டர். அதற்காகக் கேட்கிறேன். அந்தக் குழி உன் கண்ணில் பட்டபோது உன் வலது கை எங்கே இருந்தது?

பிரதீபா


ஈப்போ,
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பிரதீ,

இந்தக் கடிதத்தை நாலுமுறை கிழித்து ஐந்தாவது முறை எழுதுகிறேன்.

நீ கேட்டபடி கவனித்தேன். சனிக்கிழமை போனேன், ஒரு சத்தமும் இல்லை. லீவு எடுத்துப் புதன்கிழமை போனேன், காகம்கூடக் கத்தவில்லை. ஞாயிறு மட்டும்தான். போன மூன்று ஞாயிறும் ஏழு பத்துக்கு, அதே வளைவில். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று ரோட்டில் கிடந்தது. ஒருமுறை செம்பனை மட்டை, ஒருமுறை முள்கம்பி, நேற்று மறுபடியும் குழி.

நேற்று அது "லுபாங், கட்டச்சி" என்றது. என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் உண்டு. என்னைவிட ஒரே ஒரு அங்குலம் உயரம் என்று அவளுக்கு அவ்வளவு பெருமை. முதல் நாளே உன் குரல் என்று எனக்குத் தெரியும். எழுதப் பயந்தேன்.

இனி மறைக்க என்னால் முடியாது. அன்றைக்கு நான் கத்தவில்லை பிரதீ. கேட்டது என்று நீ எழுதினாயே, அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குரல் என்னுடையது இல்லை. கை மரத்துப்போய் ஹேண்டலை விடமுடியவில்லை, அது நிஜம். ஆனால் வாய் மரத்துப்போகவில்லையே. அன்று காலை காபிக் கடையில் இரண்டு புது ஆட்கள் முன்னால், "இவ ஹேண்டல் பிடிக்கிறதப் பாருங்க, பக்கத்து வீட்டு கேட்டில தொங்குற சின்னப்பிள்ள மாதிரி இருக்கு லா" என்று நீ சொல்லிச் சிரித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கோபத்தில் ஒரு மணிநேரம் உன்னோடு பேசாமல் மிதித்தேன். குழியைக் கண்டேன், விலகினேன். ஒரு குலுக்கு குலுங்கட்டும், அப்போது புத்தி வரும் என்று நினைத்தேன். அதற்குமேல் சத்தியமாக ஒன்றும் நினைக்கவில்லை. அப்புறம் பின்னால் சத்தம் கேட்டது.

என்னை என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். ஒன்றும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தினேஸ்வரி


சித்தியவான்,
27 ஆகஸ்ட் 2024

தினேஸ்வரிக்கு,

எனக்கு அன்று எந்தக் குரலும் கேட்கவில்லை. அதை நான்தான் இட்டுக்கட்டி எழுதினேன். நல்லவளாக இருந்தால் அடுத்த கடிதத்திலேயே "இல்லை, நான் கத்தவில்லை" என்று சொல்வாய் என்று பார்த்தேன். ரவிக்கை அளவையும் எலுமிச்சம்பழத்தையும் எழுதினாய். ஏழு வாரம் எடுத்துக்கொண்டாய்.

கை மரத்துப்போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். உன் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் வந்தேன், உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் வலது சுட்டுவிரல் ஹேண்டலிலிருந்து எழும்பியது. பிறகு மெல்ல மடங்கித் திரும்பப்போய் உட்கார்ந்துகொண்டது. விழுந்ததற்கு முன் எனக்கு நினைவிருக்கிற கடைசிக் காட்சி அதுதான். ஆறு மாதமாகக் கண்ணை மூடினால் அந்த விரல் வருகிறது.

காபிக் கடையில் நான் சொன்னதும் தப்புத்தான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கும் இதற்கும் சரியாகப் போய்விட்டது என்று நினைத்துவிடாதே.

இனி எழுதப்போவதை எனக்கே நம்பக் கஷ்டமாக இருக்கிறது. அண்ணாவிடம் கேட்டேன், நான் விடியக்காலையில் என்னதான் கத்துகிறேன் என்று. அவர் மறைத்தே வைத்திருக்கிறார். "லுபாங் எண்டு கத்துறாய். பிறகு கட்டச்சி எண்டுறாய். முதல்ல தினமும் கத்தினாய். ஹேண்டல அனுப்பினதுக்குப் பிறகு ஞாயிறு மட்டும், ஏழு மணி தாண்டினதும்." உன் கடைசிக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு வெகுநேரம் வாசலில் போய் நின்றார். பிப்ரவரிக்குப் பிறகு கட்டச்சி என்ற அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. நினைக்கவும் கூடாது என்று இருந்தேன்.

உனக்காக நான் கத்துவதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. போன ஞாயிறு வேண்டுமென்றே தூங்கவில்லை. மாத்திரை போடாமல், ஐந்து மணியிலிருந்து கூடத்து நாற்காலியில் விழித்து உட்கார்ந்திருந்தேன். ஏழு பத்து ஆனது. வாய் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. ஏழேகாலுக்கெல்லாம் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். எட்டு மணிக்கு அண்ணாவை விட்டுத் தர்மாவுக்குப் போன் போடச் சொன்னேன். "அந்த வளைவுல விழுந்துட்டா லா. முட்டியில தோல்தான் பேந்துருக்கு, பெரிசா ஒன்னும் இல்ல" என்றாராம். அண்ணா ஏன் கேட்டார் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

உன்னை என்னால் மன்னிக்கமுடியவில்லை தினேஸ். முயன்று பார்த்தேன், வரவில்லை. இனி எனக்குக் கடிதம் போடாதே. வந்தாலும் அண்ணா பிரிக்கமாட்டார். ஹேண்டலைத் திருப்பி அனுப்பவேண்டாம், உன் அளவுக்கு அங்கே வேறு கிடைக்காது. டேப்பையும் மாற்றாதே.

விழுந்தபிறகும் நீ அந்த ரோட்டுக்குப் போவாய், உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். இந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை இரவே நான் மாத்திரை போட்டுக்கொண்டு நேரத்தோடு படுத்துவிடுவேன். ஞாயிறு காலை எட்டு மணிவரை, எவ்வளவு கத்தினாலும் என்னை எழுப்பவேண்டாம் என்று அண்ணாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதற்குள் நீ அந்த வளைவைத் தாண்டிவிடு.

பிரதீபா