கேட்சரின் இடது கண்

ஜூலை 6, திங்கள்

வரலாற்றுப் பாடத்தில் இரண்டு பக்கம்தான் படித்தேன். எதுவும் ஏறவில்லை. அக்கா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று பூங்கா மைதானத்தில் பக்கத்துத் தெரு அணியோடு சாஃப்ட்பால். மூன்றாவது இன்னிங்ஸில் பந்து மட்டை விளிம்பில் உரசி, பின்னால் குந்தியிருந்த வாண்டுவின் இடது கண்ணில் பட்டது. எங்கள் கேட்சர் அவள். அவள் கத்தவில்லை. "யாருடி லைட்டை அணைச்சது?" என்று கேட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தோம். சிரித்தோம்!

கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதாம். ஐந்து நாள் தலையை உயர்த்திவைத்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். அதற்குள் மறுபடி கசிந்தால் பார்வை போனாலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கம்பி மாஸ்க் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எங்கள் அணிக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அது அணியின் பையில் இல்லை. என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

நான் திருடவில்லை. "இதுக்குள்ள பத்து பேரோட வேர்வை குடியிருக்குடி" என்று வாண்டுதான் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சோப்புப் போட்டுக் கழுவலாம் என்று யாரிடமும் சொல்லாமல் எடுத்துவந்தேன். பட்டை காயட்டும் என்று கட்டிலுக்கு அடியில் வைத்தவள், மறந்துபோய் மைதானத்துக்குப் போய்விட்டேன். அவள் பையைக் கவிழ்த்துத் தேடியபோதுதான் ஞாபகம் வந்தது. வீடு பத்து நிமிடம். ஓடிப்போய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் கேட்காமல் பையிலிருந்து எதையாவது எடுத்தால் அணியிலேயே இடமில்லை என்று மேஜர் சொல்லியிருந்தாள் — எங்கள் கேப்டன், என்னைவிட ஒரு வகுப்பு மேலே. "ஒரு நாள்தானே, பரவாயில்ல" என்று வாண்டு மாஸ்க் இல்லாமலே உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஏன் வாயைத் திறக்கல? நாக்குல பூட்டா போட்டிருந்தாங்க?

ஜூலை 7, செவ்வாய்

இன்று கசியவில்லையாம்.

ஜூலை 8, புதன்

தூக்கம் வரவில்லை. நல்லதாக எதையாவது எழுதினால் வருமா?

போன வருடம் ஆரம்பித்தபோது எங்களுக்கு ஒரு விதியும் தெரியாது. பந்தை அடித்ததும் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸ் ஒரு கால்மிதியடி. இரண்டாவது, உடைந்த தரை ஓடு. மூன்றாவது, தபால்காரர் மகளின் செருப்பு; ஆட்டம் முடிகிறவரை அவள் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே ஓடுவாள். முதல் ஆட்டத்தில் இருபத்துமூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். அதில் நான் ஒரு பந்தை உண்மையாகவே அடித்துவிட்டேன். எல்லோரும் "ஓடு, ஓடு" என்றதில் தலைகால் புரியாமல் முதல் பேஸை விட்டுவிட்டு மூன்றாவது பேஸ் பக்கம் ஓடினேன். எதிரணிப் பெண்களே பாவம் பார்த்து, "இந்தப் பக்கம்மா" என்று கை காட்டினார்கள். "விடுங்கக்கா, அவ வீட்டுக்குப் போறா" என்றாள் வாண்டு.

கேட்சராக உட்கார்ந்தால் மட்டை பிடிக்கிறவளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். "அக்கா, இந்த ரிப்பன் எங்க வாங்குனீங்க?" அவர்கள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பந்து இவள் கையுறைக்குள் இருக்கும். ஒருத்தி கோபப்பட்டு, "கொஞ்ச நேரம் வாயை மூடுறியா?" என்றதற்கு, "மூடினா மூச்சு முட்டும்க்கா, டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள்.

போர்வைக்குள்ளேயே சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை. அக்கா புரண்டாள். டார்ச்சை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜூலை 9, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் வாண்டுவின் அம்மா மேஜரை நிறுத்திவைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். தையல் கடையிலிருந்து நேராக வந்திருந்தார், அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. "பத்திரமா பாத்துக்கிறேன்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போன? ஒரு பையை ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, உனக்கு எதுக்கு கேப்டன் பட்டம்?"

மேஜர் யாருக்கும் தலை குனியாதவள். குனிந்துகொண்டு, "நான்தான் ஆன்ட்டி பாத்திருக்கணும்" என்றாள்.

நான் இரண்டு படி மேலே நின்றிருந்தேன். "மாஸ்க் எங்கிட்ட இருக்கு ஆன்ட்டி" என்று யாரோ சொல்வதுபோல் கேட்டது. நான்தான். எல்லாவற்றையும் சொன்னேன், கழுவியது, மறந்தது, மறைத்தது. ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "என் கண் முன்னாடி நிக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மேஜர் படியில் உட்கார்ந்தாள். "அப்பவே சொல்லியிருந்தா நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுருப்பேன்?"

"நீ என்னை டீம்லேர்ந்து தூக்கிடுவேன்னு நெனச்சேன்."

"தூக்கத்தான் போறேன்." விரல்களை மடக்கி எண்ணினாள். "மூணு ஆட்டம். பெஞ்சுல உக்காந்து ஸ்கோர் எழுது."

"மூணுதானா?"

"ஏன், பத்தலையா?"

அம்மாவிடமும் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டு விழ விழ நெஞ்சு லேசானது, இது என்ன அதிசயம்? ஆனால் கண்? அது நான் சொன்னதால் சரியாகிவிடாதே.

ஜூலை 11, சனி

ரத்தம் கரைந்துவிட்டது! சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரிவரை இடது கண்ணாலேயே படித்தாளாம். அப்பாடா. அப்பாடா. அப்பாடா.

அவள் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே போகத் தைரியமில்லை. "உள்ள வாங்க குற்றவாளி" என்று சத்தம் வந்தது. கண்ணைச் சுற்றி இன்னும் ஊதாவும் மஞ்சளுமாக இருக்கிறது.

"கழுவப் போறேன்னு சொல்லியிருந்தா என் சாக்ஸையும் குடுத்திருப்பேன்ல?" என்றாள்.

"கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. அஞ்சு நாள் ஃபேனையே பாத்துட்டுப் படுத்திருந்தேன். நாலு நாள் யாருன்னு தெரியாம திட்டினேன். ஒரு நாள் பேர் சொல்லித் திட்டினேன். தீந்துபோச்சு."

ஆன்ட்டி அடுத்த அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

என் மூன்றாவது பெஞ்சு ஆட்டம். வாண்டு இன்றுதான் முதல்முறையாக இறங்கினாள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசி எல்லையில் நிற்க மட்டும் டாக்டர் அனுமதி. ஆன்ட்டியும் வந்திருந்தார். மூன்று வாரமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர், வேறு இடமில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகு நேரம் கழித்து, "அவ ஏன் அங்க தனியா நிக்கிறா?" என்றார்.

"உயரமா வர்ற பந்தைப் பிடிக்கிறதுக்கு ஆன்ட்டி."

"பிடிப்பாளா?"

"பத்துல மூணு பிடிப்பா."

கடைசி இன்னிங்ஸில் ஒரு பந்து அவள் பக்கமாக உயர்ந்தது. ஆன்ட்டி சட்டென்று என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். வாண்டு அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் போனாள், இன்னும் பின்னால் போனாள். பந்து கையுறையில் பட்டு எகிறித் தரையில் விழுந்தது. தோற்றுவிட்டோம்.

"கைக்கு வந்ததை விட்டுட்டியேடி" என்று ஆன்ட்டி எழுந்து நின்று கத்தினார். என் கையை அப்போதும் விடவில்லை. கடைசி ஸ்கோரை இடது கையால் கோணல்மாணலாக எழுதி முடித்தேன்.