என் பெயரில் இருந்த ஆட்டங்கள்

12 ஜனவரி 2025
இன்றும் வந்தவன் போனவன் எல்லாம் "சுயம்பு பாய் கிதர் ஹை?" என்று சுயம்பு எங்கே என்றுதான் தேடினார்கள். தாராவியில் இந்த வீடியோ கேம் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் நான். பெயர் மட்டும் என் தம்பி சுயம்புவுக்கு. கல்யாணமாகிவிட்டது, இனி குர்லாவில் தனிக்கடை போடப் போகிறானாம். மெஷின்களைப் பிரிக்கச் சொல்லிவிட்டாள் அம்மா. "மூத்தவன் பங்கு வை. எளையவன் மொதல்ல எடுக்கட்டும். நம்மள்ல அதான் வழக்கம்."

14 ஜனவரி
பங்கு வைத்துவிட்டேன். ஒரு பக்கம் பழைய மெஷின்களும் ஒரு சாக்கு டிஸ்க்கும். மறுபக்கம் மூன்று புது மெஷின்கள். அவற்றில் டிஸ்க் போட வாயே கிடையாது.

இந்த மெஷின் செய்த கம்பெனிக்காரனுக்குக் கோயில் கட்டலாம். சின்ன வயதில் கேசட்டை ஊதிப் போட்டு ஆடினோம். கையில் இருந்தது நம்முடையது. பிறகு டிஸ்க். அதையும் வாடகைக்கு விட்டோம், விற்றோம். அதில் அவனுக்குப் பைசா வரவில்லை. வாயையே அடைத்துவிட்டான். இப்போது ஆட்டம் பெட்டிக்குச் சொந்தமில்லை, வாங்கியவனின் ஆன்லைன் கணக்குக்குத்தான். கணக்கு என் பெயரில். பாஸ்வேர்டு என்னிடம். போன் நம்பர் மட்டும் சுயம்புவுடையது — கணக்குத் திறந்த அன்று என் போன் ரிப்பேரில் கிடந்தது. அதனால் என்ன?

15 ஜனவரி
புதுசைத்தான் எடுத்தான். "கணக்கு அப்படியே இருக்கட்டும்ணே. ரெண்டு பேருக்கும் பொதுதான?" என்றான்.

தலையாட்டினேன்.

2 பிப்ரவரி
குர்லா கடை திறப்பு. அவன் மனைவி விஜயலட்சுமி வளையலை அடகு வைத்துப் பிடித்த இடம். கேசரி கொடுத்தாள், சாப்பிட்டேன். என்ன கூட்டம். வயிறு எரிந்தது.

3 பிப்ரவரி
என் போனிலிருந்தே மூன்று மெஷினையும் கணக்கிலிருந்து நீக்கினேன். டீ ஆறுவதற்குள் முடிந்தது.

4 பிப்ரவரி
ஓடி வந்தான். "எண்ணே, எல்லா ஆட்டத்துலயும் பூட்டு போட்டுக் காட்டுது."

"மெஷினத்தான பங்கு வச்சேன். ஆட்டத்தையுமா வச்சேன்?"

அம்மாவைப் பார்த்தான். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "நீதானல எடுத்த" என்றாள். எத்தனை நாளாயிற்று இப்படி நிம்மதியாகத் தூங்கி.

19 மே
குர்லா கடை பந்த். புதிதாக ஆட்டம் வாங்கக் காசில்லாமல் இழுத்து மூடிவிட்டான்.

20 செப்டம்பர்
இந்த வருஷ ஃபுட்பால் ஆட்டம் பழைய மெஷினுக்கு வராதாம். கம்பெனி நிறுத்திவிட்டது. நம் கடைக்கு ஆட வருகிறவர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள். சுயம்பு அந்த மூன்றையும் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறானாம். பக்கத்துக் கடை ஹமீதை அனுப்பி அடிமாட்டு விலைக்குக் கேட்கச் சொன்னேன். யாருக்கு என்று சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். கொடுத்துவிட்டான்.

28 செப்டம்பர்
என் கணக்கு, என் பாஸ்வேர்டு. ஆனாலும் உள்ளே விட மறுக்கிறது. நீக்கியபோது எதுவும் கேட்கவில்லை; மெஷினை மறுபடி சேர்க்க, போனுக்கு வரும் ஓடிபி வேண்டுமாம். சுயம்பு நம்பருக்கு அடித்தேன். எடுத்தது யாரோ ஒரு பெண், கல்யாண் ஊரிலிருந்து. "ராங் நம்பர்." கம்பெனிக்கு எழுதினால் அவர்களும் அந்தப் பழைய நம்பரைத்தான் கேட்கிறார்கள்.

29 செப்டம்பர்
சுயம்பு இப்போது சயான் பக்கம் பார்சல் மூட்டை தூக்குகிறான். போய் நின்றேன். தோளிலிருந்து இறக்காமலே சொன்னான்: "அந்த நம்பர் எப்பமோ போச்சுண்ணே. கடை படுத்த பொறவு ரீசார்ஜ் பண்ண வழியில்ல."

கோபம்கூட இல்லை அவன் குரலில். செருப்பால் அடித்திருக்கலாம் பாவி.

11 அக்டோபர்
மூன்று மெஷினும் துணி மூடிக் கிடக்கின்றன. சாயங்காலம் ஒரே ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"சுயம்பு பாய் கிதர் ஹை?"

ஷட்டரை இறக்கினேன்.