ராஜா குடித்த தண்ணீர்

அண்ணா,

சாயப்பட்டறையை அடுத்த எங்கள் தெருவின் தண்ணீர் குடிக்க ஏற்றது என்று சோதனைக்கூடத்தில் நீ போட்ட கையெழுத்து பொய்.

அது இருக்கட்டும். மத்திய அமெரிக்காவின் பழைய மாயன் மக்கள் தங்கள் நகரங்களை ஏன் கைவிட்டார்கள் என்று ஆராயும் ஓர் ஆவணப்படத்துக்கு இந்த வாரம் தமிழில் குரல் கொடுத்தேன். வறட்சியும் போரும் காரணம் என்று எங்கோ படித்திருந்தேன். இது எனக்குப் புதிது: ஒரு நகரில் அரண்மனைச் சுவர்களின் சிவப்புப் பூச்சில் பாதரசம் இருந்ததாம், மழை அதைக் கழுவிக் குடிநீர்க் குளத்தில் சேர்த்ததாம். ராஜாவும் அதையேதான் குடித்தானாம்!

அந்த வரியில் மூன்று முறை நின்றுவிட்டேன். "என்னக்கா, ராஜா உங்களுக்குச் சொந்தமா? அந்த வரியிலேயே நிக்கிறீங்க!" என்று ஒலிப்பதிவாளர் சிரித்தார்.

கண்டுபிடித்துச் சொல்ல அங்கே ஆளில்லை. தெரிந்திருந்தால் ராஜா என்ன செய்திருப்பான் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

போன ஞாயிறு என் மகள் உன்னிடம் தம்ளரை நீட்டினாள். "மாமாவுக்குத் தாகமில்லடா" என்றாய். வாசலில் இறங்கியதும் உன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தாய். நீ தொடாத தண்ணீரை அவள் குடித்து முடித்தாள்.

சோதனையில் என்ன இருந்தது? இன்றைக்கே எழுது.

உன் தங்கை