மூத்த மருமகளின் குரல்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினோரு காட்சி. ஏழில் அழுகை. மூத்த மருமகள் மாமியாரிடம் அழுதாள், கணவனிடம் அழுதாள், யாருமில்லாத சமையலறையில் பாத்திரங்களிடமும் அழுதாள். ஒன்பது வருஷமாக அந்த டிவி தொடரில் அவளுக்குக் குரல் கொடுப்பது நான். கண்ணீர் நடிகையுடையது, விசும்பல் என்னுடையது.

வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டிவிட்டது. இவரிடம் சைகையில்தான் வெந்நீர் கேட்டேன். "தினமும் இப்படியே வந்தா வீடு எவ்வளவு அமைதியா இருக்கும்!" என்றார். பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துத்தான் இந்த மனிதருக்கு நகைச்சுவை வரும்.

மார்ச் 5, வியாழன்

நடிகை போய்விட்டாள்.

டப்பிங் பொறுப்பாளர் ஸ்டூடியோ வாசலிலேயே சொல்லிவிட்டார். கல்யாணம் என்கிறார்கள், சினிமா வாய்ப்பு என்கிறார்கள். ஒன்பது வருஷத்தில் நான் அவளை நேரில் பார்த்தது இரண்டே தடவை. ஆனால் அவளுடைய உதடு எனக்கு அத்துப்படி. பேசுமுன் வாயை லேசாகத் திறந்து அரை நொடி நிற்பாள். அந்த அரை நொடியில் நான் ஒரு மூச்சை இழுத்து வைப்பேன். பார்க்கிறவர்கள் அந்த மூச்சிலேயே பாதி அழுதுவிடுவார்கள்.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீங்க இருக்கீங்க மேடம். முகம்தான் மாறுது, குரல் அதேதான். ஜனங்க சட்டுன்னு ஒட்டிக்குவாங்க."

வயிற்றில் பாலை வார்த்தார்.

மார்ச் 6, வெள்ளி

புதியவளுக்கு முதல் நாள் பேசினேன். இவளுக்கு அந்த அரை நொடியே இல்லை! வாயைத் திறந்தால் நேரே வசனம்தான். மூச்சை எங்கே வைப்பது? எப்படியோ இடித்துப் பிடித்து நுழைத்தேன். நடிப்பா அது? உடம்பு சரியில்லாதவள் மாதிரி நிற்கிறாள்.

மார்ச் 9, திங்கள்

இன்று ஒளிபரப்பு. பழையவள் மாடிப்படி ஏறினாள், புதியவள் இறங்கி வந்தாள். கீழே "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி ஓடியது. அவ்வளவுதான். பெற்ற பிள்ளையே நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா இவ்வளவு நேரம்?" என்கிறான். அந்த வீட்டில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

தொடரின் வாட்ஸ்அப் ரசிகர் குழுவுக்குத் தெரிந்துவிட்டது. இருநூற்றுப் பதினாலு செய்தி.

இந்தக் குழுவில் நான் எப்படிச் சேர்ந்தேன் என்பது தனிக்கதை. இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டை மாத்திரை வாங்கப் போன கடையில், மருந்துக்கடை அக்கா இந்தத் தொடரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் குரல் நான்தான் அக்கா" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காய்ச்சலும் இருக்கா?" என்றாள். என் சொந்தக் குரல் அப்படி, காய்கறி பேரம் பேசக்கூட உதவாது. நானும் ரசிகை என்று சொன்னதும் குழுவில் சேர்த்துக்கொண்டாள். அன்று முதல் நான் வாயைத் திறப்பதில்லை. எல்லோரும் அந்தக் குரலைப் புகழ்வதைத் தினமும் ஓசியில் படித்துக்கொண்டிருந்தேன்.

இன்று அக்கா எழுதியது: "மூஞ்சிகூடப் பரவால்ல. குரலக் கேட்டீங்களா? அந்தக் குரல் எங்க, இது எங்க! தகர டப்பா!"

தகர டப்பா. அதே தொண்டை, அதே மைக், அதே நான்.

மார்ச் 10, செவ்வாய்

குழு இரண்டாகப் பிளந்துவிட்டது. பழையவள் கட்சிக்குத் தலைவர் பேங்க் மாமா. ஓய்வு பெற்றவர், கைநிறைய நேரம் வைத்திருக்கிறார். "கோர்ட்டுக்குப் போகலாமா?" என்று கேட்கிறார். புதியவள் கட்சிக்குத் தலைவி ஒரு தையல்காரப் பெண். "பொண்ணு நல்லாத்தான் நடிக்குது மாமா. டப்பிங்தான் கெடுக்குது" என்கிறாள். எலியும் பூனையுமாக இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கைகோத்துக்கொண்டார்கள்.

பொறுக்க முடியாமல், "குரல் அதேதானே?" என்று எழுதினேன்.

"நீங்க ஒரு நல்ல காது டாக்டரப் பாருங்கம்மா" என்றார் பேங்க் மாமா. அதற்கு முப்பத்தெட்டுப் பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 11, புதன்

சேனலுக்கு மனு. 'புதுக் குரலை நீக்குக, பழைய குரலைத் திரும்பக் கொண்டுவருக.' அறுபத்தோரு கையெழுத்து. அறுபத்திரண்டாவது என்னுடையது. போடாவிட்டால் சந்தேகப்படுவார்களே! யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். அதற்காவது தும்பிக்கை இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

மனு வேலை செய்துவிட்டது.

பொறுப்பாளர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஆளை மாற்றச் சொல்லிச் சேனல் உத்தரவாம். திங்கட்கிழமை குரல் தேர்வு. மூன்று பேரை வரச் சொல்லியிருக்கிறார்களாம். "நீங்களும் வரலாம் மேடம்."

வரலாமாம்! நான் ஒன்பது வருஷம் குடியிருந்த வீட்டுக்கு எனக்கே அழைப்பு.

என்னத்தச் சொல்ல. பழைய குரலக் கொண்டு வாங்கன்னு அவங்க கத்துறாங்க, அதுக்காக இவங்க பழைய குரலத் தூக்குறாங்க. இதுல சிரிக்கிறதா அழுறதா — அழுதாலும் சரியா அழலன்னு ஒரு மனு போடுவாங்க. இந்த வேலையும் போனா நான் யாரு? எனக்குன்னு வேற என்ன தெரியும்?

மார்ச் 13, வெள்ளி

இவரிடம் சொன்னேன். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 14, சனி

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

தொடர் ஆரம்பிக்கும் நேரத்தில் இவருக்கு ஆபீசிலிருந்து அழைப்பு. டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுக் கூடத்திலேயே உலாவிக்கொண்டு பேசினார். நானும் என் மாமியாரும் ஊமைப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷம் போயிருக்கும்.

"சத்தமில்லாமப் பாத்தா நல்லாத்தான் நடிக்குது இந்தப் பொண்ணு" என்றார் அத்தை.

சுருக்கென்றது. சொன்னபிறகுதான் அவருக்கும் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "உன்னச் சொல்லலம்மா."

"என்னைத்தான் சொன்னீங்க அத்தை. பரவால்ல."

"நான் வேற எதையோ நெனச்சு..."

"விடுங்க, பாக்கலாம்."

பார்த்தேன். உண்மையைச் சொன்னால், இன்றுதான் முதல்முறையாக அவளைப் பார்த்தேன். ஸ்டூடியோவில் கண் திரையில்தான் இருந்தது, ஆனால் நான் பார்த்தது போனவளைத்தான். இவள் நின்று நிதானித்துப் பேசுகிற ரகமில்லை. சடாரென்று ஆரம்பித்துவிடுகிறாள், நடுவில் ஒரு சொல் வராமல் நிற்கிறாள், அதை விழுங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போகிறாள். தோள் குலுங்க அழுவதில்லை. அழுவதற்கு வெட்கப்படுகிறாள். நான் என்ன செய்திருக்கிறேன்? அவளுடைய தொடக்கத்தில் என் மூச்சைத் திணித்து, அவள் நிற்கிற இடத்தில் நிற்காமல் ஓடி, வெட்கப்பட்டு அழுகிறவளை ஒப்பாரி வைக்கவிட்டிருக்கிறேன். இன்னொருத்தி அளவுக்குத் தைத்த சட்டையை மாட்டிவிட்டு இவளுக்கு உடம்பு சரியில்லை என்று வேறு எழுதியிருக்கிறேன்.

குழுவில் கத்தியவர்கள் சரியாகத்தான் கத்தியிருக்கிறார்கள். சொல்லத்தான் தெரியவில்லை அவர்களுக்கு.

எனக்குக் கோபம், அவ்வளவுதான். ஒன்பது வருஷம் கூட இருந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனாளே என்று கோபம். போனவளிடம் காட்ட முடியாததை வந்தவளிடம் காட்டினேன்.

மார்ச் 15, ஞாயிறு

புதியவளின் காட்சிகளைப் போனில் சத்தமில்லாமல் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். "சார்ஜ் தீந்துடப்போவுது" என்றார் இவர். போனையா, என்னையா என்று கேட்டேன். பேச்சு திரும்பிவிட்டது இருவருக்கும்.

மார்ச் 16, திங்கள்

ஸ்டூடியோ வராந்தா பெஞ்சில் நாலு பேர் வரிசையாக. எனக்குப் பக்கத்தில் கார்ட்டூனுக்குப் பேசுகிற சின்னப் பெண். "இதுக்கு முன்னாடி யாரு பேசினாங்கக்கா?" என்றாள்.

"யாரோ ஒருத்தி."

"ரொம்ப மோசமாமே?"

"கடைசிப் பத்து நாள் மோசம்தான்" என்றேன். அதைச் சொன்னதும் மனசு லேசானது.

பதிவுகளைப் பெயரில்லாமல் எண் மட்டும் போட்டுச் சேனலுக்கு அனுப்புவார்களாம். என் எண் மூன்று. தங்கையிடம் வீட்டைவிட்டுப் போகிறேன் என்று சொல்கிற காட்சி. அவள் நின்ற இடத்தில் நின்றேன். விழுங்கிய இடத்தில் விழுங்கினேன். அழுகை வந்தபோது அதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் மைக்கில் கேட்டார்: "மேடம்... உள்ள இருக்கறது நீங்கதானே?"

மார்ச் 18, புதன்

மூன்றாம் எண்!!

பொறுப்பாளர் போனில் சொன்னார்: "சேனல்ல ஒரே குஷி மேடம். அந்தப் பழைய ஆளுக்கு இது எவ்வளவோ மேல்னுட்டாங்க."

"மூணாம் நம்பர் யாருன்னு சொன்னீங்களா?"

"எதுக்கு மேடம்? சொன்னா மறுபடியும் மாத்திடுவாங்க."

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் சத்தம் வைத்தே பார்ப்பதாக வாக்குக் கொடுத்தார்.

மார்ச் 23, திங்கள்

இன்று ஒளிபரப்பு.

மருந்துக்கடை அக்கா: "மாத்திட்டாங்க! நம்ம மனு ஜெயிச்சிருச்சு! இதுதான்டி குரல்!"

தையல்காரப் பெண் ஏழு வரி நெடுக அழும் பொம்மையாகப் போட்டிருந்தாள்.

பேங்க் மாமா மட்டும் அரைமணி கழித்து எழுதினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம பழைய குரல் இது இல்ல. அந்தம்மா எங்க போனாங்களோ, பாவம். யாருக்காவது தெரியுமா?"

எனக்குத் தெரியும் என்று எழுதி, அழித்துவிட்டேன்.

மார்ச் 30, திங்கள்

குழு மறுபடியும் பிளந்துவிட்டது. பழைய குரல் கட்சி, புதுக் குரல் கட்சி. வாக்கெடுப்பு வைத்திருக்கிறார்கள். முப்பத்து நாலுக்கு முப்பத்து நாலு. பாக்கி நான் ஒருத்திதான்.

பேங்க் மாமா தனியாகச் செய்தி அனுப்பினார்: "ஒம்பது வருஷம் நமக்காக அழுத குரலும்மா அது. மறந்துடாதீங்க."

அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு புதுக் குரலுக்குப் போட்டேன்.

"உங்களுக்கு நன்றியே கிடையாது" என்று உடனே பதில் வந்தது. இனிமேல் என்னோடு பேசப்போவதில்லையாம். அந்தப் பழைய குரலுக்காக இவ்வளவு சண்டை பிடிக்க உலகத்தில் ஒரு மனிதர் இருக்கிறாரே என்று, சாயங்காலம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.