பின் மட்கார்டில் வெள்ளை

6.1.86 திங்கள்

இன்று ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் எண்ணிப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு சைக்கிள். பின் மட்கார்டில் வெள்ளை அடித்திருந்தது பத்தொன்பதில்தான். சிவப்புக் கண்ணாடி உடையாமல் இருந்தது அதைவிடக் குறைச்சல். டைனமோ நிறையப் பேரிடம் இருக்கிறது. தட்டி விட்டால் மிதிக்கக் கனமாக இருக்கிறதென்று ஒருத்தரும் தட்டுவதில்லை. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். தட்டினாலும் அது முன்னால் எரிகிற விளக்கு. பின்னால் வருகிற லாரிக்காரனுக்கு என்ன தெரியும்?

இந்த டைரி அவர் வேலை பார்த்த மரவாடியில் கொடுத்தது. வருஷா வருஷம் கொடுப்பார்கள், அவர் ஒரு எழுத்து எழுதினதில்லை. இந்த வருஷம் அவர் இல்லை, டைரி மட்டும் வந்தது. அஞ்சாங்கிளாஸ் படித்தவள் எழுதினால் காகிதம் கோபித்துக்கொள்ளுமா?

8.1.86

ஸ்டாண்டு முதலாளி லோகநாதன் வந்தார். "இன்னா தையலு, சைக்கிளோட பேசிகினு கீற?" என்றார். காலை ரயிலுக்குப் போனவர்கள் சாயந்திரம்தான் தாம்பரம் திரும்புகிறார்கள். நடுவில் வேறு யார் இருக்கிறார்கள் பேச?

10.1.86 வெள்ளி

இன்று ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பை விரலில் எடுத்து, முடிச்சூர் பக்கம் போகிற சைக்கிள்களின் பின் மட்கார்டில் ஒரு இழுப்பு இழுத்தேன். முப்பது சைக்கிள். அந்த ரோட்டில்தான் விளக்குக் கம்பமே இல்லை.

சாயந்திரம் எடுத்துப் போனவர்கள் ஒருத்தரும் கவனிக்கவில்லை. தன் முதுகை யார் பார்க்கிறார்கள்?

11.1.86

பனியில் நனைந்து சுண்ணாம்பெல்லாம் வழிந்துவிட்டது. காக்காய் எச்சம் என்று நினைத்து ஒருத்தர் காக்காயைத் திட்டிக்கொண்டே துடைத்தார். நானும் சேர்ந்து திட்டினேன்.

20.1.86 திங்கள்

பக்கத்து வீட்டு ரத்தினபாய் கிறிஸ்துமஸுக்குக் கேட்டுக்கு அடித்த வெள்ளை பெயின்ட் மீந்து கிடந்தது. "எதுக்குக்கா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு என்றேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஜன்னல், அதுவும் பாதி. அவளுக்கும் தெரியும். கொடுத்துவிட்டாள்.

24.1.86

இந்த வாரம் மட்டும் நாற்பது. காலையில் அடித்தால் சாயந்திரத்துக்குள் காய்ந்துவிடுகிறது. யாராவது கேட்டால் சொல்ல ஒரு பொய் யோசித்து வைத்திருக்கிறேன் — "மாசப் பாஸ் வண்டிக்கு அடையாளம் சார், இல்லன்னா மாறிப் பூடும்." எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டு போகிறார்கள். படித்தவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா? இத்தனை வயசு வீணாகப் போய்விட்டது.

3.2.86 திங்கள்

மாட்டிக்கொண்டேன்.

அசரியா சார் என்று ஒருத்தர். பீச்சுப் பக்கம் ஏதோ சர்க்கார் ஆபீசில் ஹெட்கிளார்க். போன வாரம்தான் புது சைக்கிள் வாங்கினார். கண்ணாடி மாதிரி கறுப்பு, முகம் பார்க்கலாம். கைக்குட்டையால் சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் டோக்கனே வாங்குவார். அதன் பின்னால் நன்றாக ஒரு சாண் வெள்ளை அடித்துவிட்டேன்.

"யாரைக் கேட்டும்மா என் வண்டியில பெயின்ட் அடிச்சே?"

அடையாளம் என்று ஆரம்பித்தேன். "ஸ்டாண்டிலேயே புது வண்டி என்னுது ஒண்ணுதான். எனக்கு எதுக்கு அடையாளம்?" என்றார். சரியான கேள்விதான். வாயில் வந்ததைச் சொன்னேன்: "கவர்மென்ட் ஆர்டர் சார்."

"அப்படியா. ஆர்டர் நம்பர்?"

வேறொருத்தராக இருந்தால் விட்டிருப்பார். ஹெட்கிளார்க்கிடம் போய் இந்தப் பொய்யைச் சொல்லலாமா நான்? அவர் கையில் இருந்த டோக்கனைப் பார்த்தேன். "நாப்பத்தேழு" என்றேன்.

பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டு போனார்.

12.2.86 புதன்

அசரியா சார் லோகநாதனிடம் எழுத்திலேயே புகார் கொடுத்திருக்கிறார். ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு.

லோகநாதன் கத்தவில்லை. அதுதான் பேஜாராக இருந்தது. "உன் வூட்டுக்காரரு தசரதன் அண்ணன் இருபது வருஷம் நம்ம கிட்ட வண்டி வுட்டவரு. அந்த மொகத்துக்காகத்தான் உன்ன வேலைக்கு வச்சேன். நீ எனக்கே பெயின்ட் அடிக்கிறியே" என்றார். திங்கட்கிழமை சாருடைய மட்கார்டில் அவர் கண்ணெதிரே நான் கறுப்பு அடித்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை வேலைக்கு வர வேண்டாம்.

கறுப்பு டப்பாவும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

13.2.86

டப்பா அடுப்பு மேடையில் இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

14.2.86 வெள்ளி

இதை எங்கேயாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

போன ஆயுத பூஜைக்கு எங்க வீட்டுக்காரர் சைக்கிள் துருப்பிடித்து அசிங்கமாக நின்றது. பூஜைக்கு வைக்கிற வண்டி இப்படியா இருக்கும் என்று நான்தான் பெயின்ட் வாங்கி வந்து, நானே அடித்தேன். முன்னால், பின்னால், எல்லாம் கறுப்பு. பின்னால் பழைய வெள்ளை ஒரு பட்டை இருந்தது. அதையும் மூடி அடித்தேன். பளபளவென்று ஆனது. சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். "தையலு, மாப்பிள்ளை மாதிரி ஆக்கிட்டியே வண்டிய" என்று அவர் சிரித்தார்.

பதினோராம் நாள் மழை. முடிச்சூர் ரோட்டில் ஒரே இருட்டு.

அவரை இடித்த லாரி டிரைவர் போலீஸ் ஸ்டேஷனில் அழுதுகொண்டே சொன்னான். "இருட்டுல ஒண்ணுமே தெரியல சார். சத்தியமா தெரியல." எல்லோரும் அவன் பொய் சொல்கிறான் என்றார்கள். அவன் சொன்னது நிஜம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எப்டிடா தெரியும், நான்தான் மூடிட்டேனே. என் கையால மூடிட்டேனே.

17.2.86 திங்கள்

அசரியா சார் ஆறு இருபது ரயிலில் வந்து இறங்கினார். லோகநாதன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கூத்து பார்க்க வந்தவர் மாதிரி. டப்பாவைத் திறந்தேன். பிரஷ்ஷைத் தோய்த்தேன். கை போகவில்லை.

"சார், கறுப்பு மட்டும் நான் அடிக்க மாட்டேன். ஒரு வண்டிக்கு அடிச்சது போதும்" என்றேன்.

"எந்த வண்டி?"

சொல்லிவிட்டேன். வெள்ளியன்று இங்கே எழுதியதை எல்லாம். லோகநாதன் எழுந்து அந்தப் பக்கம் போய் டயர்களைப் பார்த்தார். எந்த டயரிலும் ஒன்றும் இல்லை.

அசரியா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "ஆர்டர் நாப்பத்தேழுன்னு ஒண்ணு கிடையாதும்மா. பத்து நாளா ரெக்கார்டு ரூமைக் குடைஞ்சுட்டேன். ஆனா பழைய ரூல் ஒண்ணு இருக்கு. ராத்திரி போற சைக்கிளுக்குப் பின்னால வெள்ளை இருக்கணும். யாரும் பார்க்கறதில்லை, அவ்வளவுதான். புகாரை வாபஸ் வாங்கத்தான் வந்தேன்."

முதலிலேயே காகிதத்தை நீட்டியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? ரெண்டு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் சொல்லியே இருக்க வேண்டாம்.

"ஆனா ஒண்ணு," என்றார். "நீ அடிச்சது கோணல். அளவும் பத்தாது. ஓரத்துல பேப்பர் ஒட்டி நேரா அடி."

அடித்தேன். குனிந்து, ஸ்கேல் வைத்துப் பார்த்தார்.

3.3.86 திங்கள்

இப்போது லோகநாதனே போர்டு எழுதி வைத்துவிட்டார். வெள்ளை இல்லாத வண்டிக்கு இங்கே இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அசரியா சார் சர்ச் முடிந்து வந்து வரிசையாகப் பார்த்துவிட்டு, கோணலாக இருக்கிற நம்பர்களை எழுதிக் கொடுக்கிறார். திருட்டுத்தனமாக அடித்தபோது இருந்த ருசி இப்போது இல்லை.

11.3.86

ரத்தினபாய் கேட்டாள், "ஜன்னல் எப்படிக்கா இருக்கு?" நன்றாக இருக்கிறது, முந்நூறு ஜன்னல் ஆகிவிட்டது என்றேன்.

14.3.86 வெள்ளி

எங்க வீட்டுக்காரர் சைக்கிளைக் கொல்லையிலிருந்து எடுத்துப் போய்ப் பின் சக்கரம் மாற்றச் சைக்கிள் கடையில் சொல்லியிருந்தேன். இன்று ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார்கள். மத்தியானம் பேப்பர் ஒட்டி, நேராக, சாருடைய அளவுக்கு மேலேயே இரண்டு விரல் சேர்த்து வெள்ளை அடித்தேன்.

எனக்கு ஓட்டத் தெரியாது, தள்ளத் தெரியும். ஏழரை மணிக்குத் தள்ளிக்கொண்டு முடிச்சூர் ரோட்டில் நடந்தேன். இருட்டு. பின்னால் லாரி சத்தம் கேட்டது. ஆனாலும் ஓரத்தில் போகவில்லை, கொஞ்சம் உள்ளே தள்ளியே நடந்தேன்.

தூரத்திலேயே ஹாரன் அடித்தான். மெதுவாக வந்து பக்கத்தில் நிறுத்தித் தலையை நீட்டினான். "ஏம்மா, அவ்ளோ தூரத்துலேர்ந்து வெள்ளையா தெரியுது, நடு ரோட்ல போய்க்கினு கீறியே. நவுரு."

"இன்னா தெரியுது?" என்றேன்.

"உன் சைக்கிளு தெரியுது தாயே. நல்லாத் தெரியுது. நவுரேன்."

எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். திட்டிக்கொண்டே சொன்னான். அப்புறம்தான் ஓரமாக நகர்ந்து வழி விட்டேன்.